பின் சீட்டுக்காரியின் பாரா

கார் கம்பெனி விழாவின் அழைப்பிதழில் அவள் பெயர் தங்க நிற எழுத்தில் நட்டநடுவே இருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டுக்கொண்டு தேடவேண்டிய பொடி எழுத்தில், 'மற்றும் கணவர்'.

போன வாரம் அந்த அட்டையைப் பார்த்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் குளிக்கப் போனானே சக்கரவர்த்தி, அந்தக் குளியலால் அவன் சூடு துளியும் தணியவில்லை. நாலு நாளாக வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. "உப்பு எடு." "விளக்கை அணை." அவ்வளவுதான்.

சக்கரவர்த்தி என்பது அலுவலகம் சூட்டிய பட்டம். கார் பத்திரிகையில் 'நாலு சக்கரம்' என்ற பகுதியைப் பதினைந்து வருஷமாக எழுதுகிறவன் வேறு என்னவாக இருக்க முடியும்? புதிதாக எந்த வண்டி வந்தாலும் முதலில் அவன் கைக்கு வரும். ஓட்டிப் பார்ப்பான், எழுதுவான். அவன் எழுத்தில் எந்த வண்டியும் மட்டமான வண்டி கிடையாது. காதைக் கிழிக்கிற எஞ்சின் 'உற்சாகமாகக் குரல் கொடுக்கும்'. முட்டி இடிக்கிற சீட்டு 'நெருக்கமான உணர்வைத் தரும்'. அட்டைக்குப் பின்னால் முழுப்பக்க விளம்பரம் கொடுக்கிற கம்பெனி உடைத்தால் மண்குடம், கொடுக்காத கம்பெனி உடைத்தால் பொன்குடம். ஆனாலும் யாரிடமும் அவன் கைநீட்டியதில்லை. அதில் அவனுக்குப் பெருமை உண்டு.

அவன் மனைவி இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில், விபத்துக் கோரிக்கைகளைச் சரிபார்க்கிற மேஜையில் இருக்கிறாள். வண்டிகளைப் பற்றி எழுதவேண்டும் என்று அவள் ஒருநாளும் ஆசைப்பட்டதில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பின்னாடி கொஞ்சம் வெயிட் இருந்தாத்தான் ஸ்பிரிங் எப்படியிருக்குன்னு தெரியும், ஏறி உட்காரு" என்று அவன்தான் அவளை ஏற்றிக்கொண்டு போனான். திரும்பி வரும்போது அவள் முதுகைப் பிடித்துக்கொண்டு நாலு வார்த்தை சொன்னாள். வேடிக்கையாக இருக்கிறதே என்று அதை அப்படியே ஒரு கட்டம் கட்டிப் போட்டான். 'பின் சீட்டிலிருந்து' என்று தலைப்பு வைத்ததும் அவனேதான்.

கட்டம் அரைப் பக்கம் ஆயிற்று. அரைப் பக்கம் முழுப் பக்கம் ஆயிற்று. ஒட்டகத்துக்கு இடம் கொடுத்த கதையாக, இப்போது கூடாரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்பதை அந்த அழைப்பிதழே சொல்லிவிட்டது.

அன்று இதழ் முடிக்கிற நாள். சோதனைக்கு வந்திருந்த நீல நிற வண்டியை மதியம் கம்பெனி ஆட்களிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெட்ரோல் போடக் காலையிலேயே பங்குக்குப் போனான் சக்கரவர்த்தி.

பெட்ரோல் போடுகிறவர் ஜன்னல் வழியாக அவனை உற்றுப் பார்த்தார்.

"சார், நீங்க கார் புஸ்தகத்துல எழுதறவர்தானே? போட்டோ பாத்திருக்கேன்."

சக்கரவர்த்தியின் முதுகு தானாக நிமிர்ந்தது. "ஆமாம். படிப்பீங்களா?"

"எங்க வீட்டுல படிப்பாங்க சார். அந்தப் பின் சீட்டு மேடம் உங்க சம்சாரமாமே? எங்க வீட்டுக்காரி அந்தப் பக்கத்தை மட்டும் அழகாக் கிழிச்சு எடுத்து வெச்சுக்குவா."

"மத்த பக்கமெல்லாம்?"

அவர் கள்ளமில்லாமல் சிரித்தார். "கண்ணாடி துடைக்க நல்லா இருக்கு சார். வழவழன்னு இருக்கா, கோடே விழாது."

மீதிச் சில்லறையை வாங்காமலே வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் அவள் அலுவலகத்துக்குக் கிளம்பி, ஒரு காதில் தோடும் மறு கையில் காபியுமாக நின்றிருந்தாள்.

"நேத்து அனுப்பின பக்கத்தைப் படிச்சீங்களா?"

"ம்."

"பெல்ட் பாரா?"

படித்திருந்தான். இரண்டு முறை. இடது பக்கப் பின் சீட்டு பெல்ட்டின் பூட்டு, நடு சீட்டில் இருக்கும் பொருள் சாய்ந்தால் தானாகக் கழன்றுவிடுகிறது என்று எழுதியிருந்தாள். 'ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்தில் ஒரு பெட்டி இருந்தது. பிரேக் போட்டதும் பெட்டியின் முனை பூட்டின் சிவப்புப் பொத்தானில் இடித்தது, பெல்ட் என் மடியில் வந்து விழுந்தது. கம்பெனி இதைச் சரிசெய்யும்வரை இந்த வண்டியில் அந்த இடத்தில் யாரையும் நான் உட்கார வைக்க மாட்டேன்.' பாரா அவ்வளவுதான். ஒரு அலங்காரம் கிடையாது. அதுதான் அவனுக்கு எரிச்சல். அந்த மாதிரி நாலு வரி எழுதி அவனுக்கு எத்தனையோ வருஷம் ஆகிறது.

"உன் கை பட்டிருக்கும்," என்றான்.

"என் கை ரெண்டும் முன் சீட்டைப் பிடிச்சுக்கிட்டிருந்தது. நீங்க போட்ட பிரேக் அப்படி."

"ஒரு தடவை கழண்டதை வெச்சு இப்படி எழுதலாமா?"

"அதுக்கப்புறம் நிறுத்தி வெச்சு எத்தனை தடவை பாத்தேன்! கீழ வாங்க, இப்பவே காட்டறேன்."

"எனக்கு நேரமாச்சு."

அவள் மறு தோட்டையும் போட்டுக்கொண்டாள். "பெல்ட் போட்டிருந்தாங்களா, போடலையா, போட்டது கழண்டுச்சான்னு தினம் என் மேஜையில அடிச்சுக்கறாங்க. செத்தவங்க வந்து சாட்சி சொல்ல முடியுதா? அதனாலதான் சொல்றேன். கம்பெனிக்கும் எழுதிக் கேட்டிருக்கேன். அவங்க பதில் வந்தா அதையும் சேர்த்துப் போட்டுடுங்க."

"கம்பெனிக்கு எழுதினியா? என்னைக் கேக்காமலா?"

"கேட்டா நீங்க கம்பெனி ஆள் அந்தச் சர்க்கரைக்கு போன் போடுவீங்க. அவர் உங்களுக்கு ஒரு காபி வாங்கித் தருவார். விஷயம் காபியோட கரைஞ்சு போயிடும்." அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாலு நாளைக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு. அவன் பதிலுக்குச் சிரிக்கவில்லை.

அலுவலகத்தின் வாகன நிறுத்தத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு, கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு இறங்கி, அக்கம்பக்கம் பார்த்து, பின் கதவைத் திறந்து ஏறினான். பதினைந்து வருஷத்தில் எந்தச் சோதனை வண்டியின் பின் சீட்டிலும் அவன் உட்கார்ந்ததில்லை. முட்டி இடித்தது.

இடது பக்கம் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினான். லேப்டாப் பையை நடு சீட்டில் வைத்து, முழங்கையால் தன் பக்கம் சாய்த்தான்.

டக்.

பெல்ட் சுருட்டிக்கொண்டு தோளுக்குப் போய்விட்டது.

மறுபடி மாட்டினான். மறுபடி சாய்த்தான். டக்.

அவள் சொன்னது சரி. இந்த வண்டி சந்தைக்கு வருமுன்பே, கம்பெனி கூட்டிப் போன மலைப் பாதையில் இரண்டு நாள் இதை ஓட்டி, மூன்று பக்கம் எழுதியவன் அவன். 'கண்ணை மூடிக்கொண்டு குடும்பத்தை ஏற்றலாம்' என்று முடித்திருந்தான். அந்த வரியைக் கம்பெனி எடுத்து விளம்பரத்தில் போட்டது. அதைப் பார்த்து அவன் பூரித்தான். பூட்டு அப்போதும் இதே இடத்தில்தான் இருந்திருக்கும். ஆனால் பின்னால் திரும்பிப் பார்த்தால்தானே?

பையை எடுத்துக்கொண்டு இறங்கினான். வரவேற்பறை சோபாவில் சர்க்கரை உட்கார்ந்திருந்தார்.

கார் கம்பெனிக்கும் பத்திரிகைகளுக்கும் நடுவில் ஓடியாடுகிற மனிதர். அவர் பேச்சைக் கேட்டுவிட்டுத் தண்ணீர் குடித்தால் தண்ணீர் கசக்கும் என்பார்கள். அப்படி வந்த பெயர்.

"வண்டியை எடுத்துட்டுப் போக டிரைவரை அனுப்பினாப் போதுமே, நீங்க எதுக்கு வந்தீங்க?" என்றான் சக்கரவர்த்தி.

"உங்களைப் பாத்து எவ்வளவு நாளாச்சு சார்! மேடம் ஒரு கேள்வி அனுப்பியிருந்தாங்க. அடேயப்பா, என்ன ஒரு கேள்வி! எங்க இன்ஜினியர் ஒருத்தர் ஆடிப் போயிட்டார். 'சக்கரவர்த்தி சார் ரெண்டு நாள் ஓட்டினாரே, அவர் கண்ணுல இது படலையா'ன்னு கேட்டார். நான் விட்டுக்குடுப்பேனா? 'அவர் ஓட்டறவர்ய்யா, உக்கார்றவங்களுக்குத்தான்யா அது தெரியும்'னு சொல்லி வாயை அடைச்சேன்."

குண்டூசியைத் தேனில் தோய்த்துக் குத்தியது போல இருந்தது.

"சரி, பதில் என்ன?"

"பாத்துக்கிட்டிருக்கோம் சார். அடுத்து வர்ற வண்டிகள்ல மாத்திடுவோம்." குரலைத் தாழ்த்தினார். "நான் எதையும் எடுக்கச் சொல்லலை சார். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். வார்த்தைதான் கொஞ்சம்... இருந்திருக்கலாம், அமைந்திருக்கலாம்னு நீங்க ஒண்ணு எழுதுவீங்களே, அந்த நயம் மேடத்துக்கு இன்னும் கைவரலை. புதுசுதானே. போகப்போக வந்துடும்."

சக்கரவர்த்தி பையை மறு தோளுக்கு மாற்றினான்.

"அப்புறம் அந்த அழைப்பிதழ், தப்பா எடுத்துக்காதீங்க. மேலிடத்துல பின் சீட்டு மேடம்தான் மேடையில பேசணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்க. வேணும்னா உங்களுக்கும் ரெண்டு நிமிஷம் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றான். நிஜமாகவே அவனுக்கு வேண்டாம். பிச்சையாக வருகிற இரண்டு நிமிஷத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆனால் மாடிப்படி ஏறும்போது ஒரே வாக்கியம் ஒவ்வொரு படியிலும் அவன் கூடவே ஏறியது. 'அவர் கண்ணுல இது படலையா?'

இதழின் பக்கங்களைக் கட்டுகிற பெண் தன் திரையில் 'பின் சீட்டிலிருந்து' பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள்.

"சார், மேடம் இந்தத் தடவை பின்னிட்டாங்க! பெல்ட் பாராவைப் படிச்சதும் எனக்குப் பக்குனு ஆயிடுச்சு. ஆசிரியர் அச்சகத்துல இருக்கார். அவர் இன்னும் பாக்கலை. பாத்தா இதைத் தூக்கி அட்டையிலயே போடச் சொல்வார் பாருங்க."

அட்டையில் இந்த முறை அவனுடைய கட்டுரைதான். எட்டு வண்டிகளை ஒப்பிட்டு, மாசக்கணக்கில் அலைந்து எழுதியது. அது இறங்கி, இது ஏறும்.

"நகரு, நான் ஒரு தடவை பாத்துடறேன்," என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்தான்.

மனைவியின் பெல்ட் வரிகளைத் தேர்ந்தெடுத்தான். அழித்தான். அதே இடத்தில் அடித்தான்: 'பின் சீட்டு பெல்ட்டின் பூட்டு இன்னும் சற்று வசதியான இடத்தில் அமைந்திருக்கலாம்.' யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிற மாதிரி வந்தது. காலியான இடத்தை ஒரு படத்தைப் பெரிதாக்கி நிரப்பினான்.

அந்தப் பெண் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "மேடத்துக்குத் தெரியுமா சார்?"

"ஆதாரம் போதாது. கேஸ் போட்டா யார் பதில் சொல்றது? இந்தப் பகுதிக்குப் பொறுப்பு நானா, மேடமா?"

பக்கம் அச்சகத்துக்குப் போனது.

அவன் இருக்கைக்கு வந்து உட்காரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. அவன் தங்கை. பல் டாக்டர். பின்னணியில் அவள் கிளினிக்குக்கு வந்த குழந்தை ஒன்று வீறிட்டுக்கொண்டிருந்தது.

"அண்ணா, சாயங்காலம் வண்டி எடுக்கறோம். ஞாபகம் இருக்கா? நீ எழுதினதைப் படிச்சுட்டுத்தானே புக் பண்ணோம். ஷோரூமுக்கு நீயும் அண்ணியும் வந்துடணும்."

அவனுக்குச் சுத்தமாக மறந்து போயிருந்தது. அதே வண்டி. தங்கை சிவப்பு நிறம் கேட்டிருந்தாள்.

"என் மாமியாருக்குத்தான் ஒரே சந்தோஷம். பின்னாடி இடது பக்கம் தனக்கு, நடுவுல பேத்தியோட குட்டி சீட்டுன்னு இப்பவே இடம் போட்டுட்டாங்க," என்று சிரித்தாள். "ஆமா, இந்த வண்டியைப் பத்தி அண்ணி என்ன சொல்றாங்க? அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன், போனை எடுக்க மாட்டேங்கறாங்க."

அந்த நொடியில் அவன் சொல்லியிருக்கலாம். பெல்ட் என்று ஆரம்பிக்கத்தான் வாயெடுத்தான். ஆனால் 'அவங்களை ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்' என்றது அதற்கு முன்னால் முந்திக்கொண்டது. கூடப் பிறந்தவள். அவன் தோளைப் பிடித்துக்கொண்டு சைக்கிள் பழகியவள். அவளுக்கும் அண்ணிதான் வேண்டும்.

"அண்ணி என்ன, எஞ்சினைக் கழட்டி மாட்டினவளா?" என்றான். "நான் எழுதினதைப் பாத்துதானே புக் பண்ணே? அப்புறம் ஊரெல்லாம் எதுக்குக் கேக்கறே? தைரியமா எடு."

"அட, கோவிச்சுக்காதேண்ணா. எடுக்கறேன்."

போனை வைத்தான். இடது பக்கம் கிழவி, நடுவில் குழந்தையின் சீட்டு. வேண்டுமென்றே அமைத்தால்கூட இப்படி அமையாது. திரும்பக் கூப்பிடப் போனை எடுத்தான். என்னவென்று சொல்வது? இப்போதுதானே தைரியமா எடு என்று அதட்டினான்? போனைக் கவிழ்த்து வைத்தான். அடுத்து வரும் வண்டிகளில் மாற்றிவிடுவார்களாம். தங்கை எடுப்பது அடுத்து வரும் வண்டி இல்லை என்று அவனுக்குத் தெரியும். நடந்தால் பார்த்துக்கொள்ளலாம், தினமுமா பிரேக் போடுவார்கள் என்றெல்லாம் மனசு ஏதேதோ பிதற்றியது. சாயங்காலம் வரை ஒரு வரி எழுத ஓடவில்லை.

ஷோரூம் வாசலில் ஆளுயர அட்டைப் பலகை ஒன்று நின்றது. அதில் வண்டியின் படம். கீழே, 'கண்ணை மூடிக்கொண்டு குடும்பத்தை ஏற்றலாம்.' பத்திரிகையின் பெயரும் இருந்தது. சக்கரவர்த்தி அதைத் தாண்டும்போது வேறு பக்கம் பார்த்துக்கொண்டான்.

உள்ளே சிவப்பு வண்டிக்குப் பெரிய ரிப்பன் கட்டியிருந்தார்கள். தங்கை காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கணவர் வண்டியைச் சுற்றிச்சுற்றி வந்து படம் எடுத்தார். மாமியார் யாருக்கும் காத்திராமல் பின் சீட்டில் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, கல்யாணப் பெண் மாதிரி உட்கார்ந்திருந்தார். நடுவில், குட்டி சீட்டில் பேத்தி காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

அவன் மனைவி அலுவலகத்திலிருந்து நேராக வந்திருந்தாள். திறந்த கதவுக்கு அருகில் நின்றாள். வண்டியைப் பார்த்தாள், மாமியார் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. 'என்ன இது?' என்கிற கேள்விதான் இருந்தது.

"கொஞ்சம் அப்படியே இருங்கம்மா," என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு, மறுபக்கம் ஏறி, குட்டி சீட்டை மெதுவாக அவர் பக்கம் சாய்த்தாள்.

டக்.

"ஐயோ, என்னம்மா இது, கழண்டு போச்சு!" என்றார் மாமியார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலையேம்மா?"

"நான் கையைக்கூட அசைக்கலையே!"

பேத்திக்கு அது விளையாட்டாக இருந்தது. "மறுபடி பண்ணுங்க அத்தை!" என்று கைதட்டினாள். அவன் மனைவி மறுபடியும் செய்து காட்டினாள். மறுபடியும் கழன்றது.

தங்கை கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனாவோடு வந்தாள். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "என்ன அண்ணி இது? அண்ணா, இது உனக்குத் தெரியுமா?"

அவன் வாய் திறக்குமுன் மனைவி பதில் சொன்னாள். "தெரியும்மா. இந்த இதழ்லயே வருது. நான் எழுதிக் குடுத்து, அவர்தான் பக்கத்துல போட்டிருக்கார். இன்னிக்குப் பக்கம் முடிக்கற நாள் இல்லையா, அந்த அவசரத்துல உன்கிட்ட சொல்ல மறந்திருப்பார்."

அவனுக்காகப் பரிந்து பேசினாள். அதைவிட அவள் அறைந்திருக்கலாம்.

"மறந்தாரா?" என்றாள் தங்கை. "மத்தியானம் நானே கேட்டேனே அண்ணி. அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேக்கறேன்னேன். ஊரெல்லாம் எதுக்குக் கேக்கறே, தைரியமா எடுன்னார்."

ரிப்பனைக் கத்தரிக்கக் கத்தரிக்கோலோடு வந்த விற்பனைப் பெண், வந்த வழியே நைசாகத் திரும்பிப் போனாள்.

சக்கரவர்த்தி விறுவிறுவென்று வெளியே வந்தான். அட்டைப் பலகைக்குப் பக்கத்தில் நின்று ஆசிரியரைக் கூப்பிட்டான். அச்சகத்தில் இயந்திர இரைச்சல்.

"சார், பின் சீட்டுப் பக்கத்தை நிறுத்துங்க."

"என்னய்யா, சத்தமாச் சொல்லு!"

"பின் சீட்டுப் பக்கம்! நிறுத்துங்க! அதுல ஒரு பாராவை மாத்திட்டேன். பழைய பாராவைப் போடணும். அவ அனுப்பின மெயில்ல இருக்கு, உங்களுக்கு அனுப்பறேன்."

"மாத்தினியா? யார் சொல்லி?"

"யாரும் சொல்லலை சார். நானாத்தான்."

"அந்தப் பக்கம் இன்னும் மெஷின்ல ஏறலை. நிறுத்தி வெக்கறேன். அனுப்பு, பாக்கறேன்," என்றார் ஆசிரியர். கோபமா, என்ன என்று குரலில் பிடிபடவில்லை. போனை வைத்துவிட்டார்.

மனைவியின் மெயிலை ஆசிரியருக்குத் தள்ளிவிட்டுத் திரும்பினான். அவள் பின்னால் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"சர்க்கரை வந்தாரா?"

"வந்தார்."

"அவர் கேட்டு மாத்தினீங்களா? கம்பெனிக்காகவா?"

எவ்வளவு வசதியான கேள்வி! ஆமாம் என்று ஒரு தலையாட்டு போதும். விளம்பரம் போய்விடும் என்று பயந்தேன், சம்பளம், குடும்பம் என்று நாலு காரணம் அடுக்கலாம். ஊரில் அப்படி வளைகிறவர்கள் ஆயிரம் பேர். விலை போனவன் என்று அவள் நினைத்தால்கூடத் தேவலை, இது தெரிய வேண்டாம் என்று இருந்தது அவனுக்கு.

"இல்லை," என்றான். "அவர் கேட்டார்தான். ஆனா அதுக்காக இல்லை."

"பின்ன?"

"எல்லாரும் உன்னையே கேக்கறாங்க." குரல் அவனுக்கே வேறு யாருடையதோ மாதிரி ஒலித்தது. "பங்குல கேக்கறான். ஆபீஸ்ல கேக்கறாங்க. என் தங்கச்சி கேக்கறா. பதினஞ்சு வருஷம் நான் ஓட்டின வண்டியில ஒரு வருஷம் நீ பின்னாடி உக்காந்தே. நீ சரியாக் கண்டுபிடிச்சே. நான் ஆபீஸ் வாசல்ல உக்காந்து பாத்தேன், ரெண்டு தடவையும் கழண்டது. நீ சொன்னது சரின்னு தெரிஞ்சப்புறம்தான் எனக்கு இன்னும் எரிஞ்சுது. நீ தப்பா எழுதியிருந்தா விட்டிருப்பேன்."

தெருவில் ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"பொறாமையா?" என்றாள் கடைசியில். அந்தச் சொல்லை முதல்முறை கேட்கிறவள் போலச் சொன்னாள். "என் மேலயா?"

"ம்."

"எப்பலேருந்து?"

"ரொம்ப நாளா."

"உங்களுக்கு என்மேல கோவம்னு நினைச்சேன். நாலு நாளா நான் என்ன தப்புப் பண்ணேன்னு தேடிக்கிட்டிருந்தேன்." குரல் கொஞ்சம் உடைந்து, உடனே நிமிர்ந்தது. "என் பாராவை வெட்டினீங்க, அது உங்களுக்கும் எனக்கும். பேசித் தீத்துக்கலாம். ஆனா அந்தம்மா அங்க உக்காருவாங்கன்னு தெரிஞ்சே தைரியமா எடுன்னீங்களே? உங்க கூடப் பொறந்தவகிட்ட? அதை நான் எங்க கொண்டுபோய் வெக்கறது?"

சக்கரவர்த்தியின் கண் பக்கத்துப் பலகையில் இருந்த தன் வரியின் மேல் போயிற்று.

தங்கை வாசலுக்கு வந்தாள். அண்ணன் நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "அண்ணி, சாவி வாங்கலாமா, வேண்டாமா? அவங்க கேக்கறாங்க."

"வாங்காதே. பூட்டை மாத்திக் குடுத்தாத்தான் எடுப்பேன்னு எழுதிக் குடு. நான் வந்து என்ன எழுதணும்னு சொல்றேன்."

"சரி அண்ணி." உள்ளே போகிறவள் ஒரு கணம் நின்றாள். அண்ணனிடம் ஏதோ சொல்ல வருகிறாள் என்று அவன் தலையைத் தூக்கினான். அவள் சொல்லாமலே போய்விட்டாள்.

அப்போது போன் அடித்தது. சக்கரவர்த்தி பதறி எடுத்துப் பார்த்தான். அவனுடையது இல்லை. அவளுடையது. திரையில் ஆசிரியரின் பெயர்.

பதினைந்து வருஷத்தில் ஆசிரியர் அவன் வீட்டில் யாரைக் கூப்பிடுவதானாலும் அவன் போனுக்குத்தான் கூப்பிடுவார்.

"சொல்லுங்க சார்," என்றபடி அவள் நாலடி தள்ளிப் போனாள். அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். பேச்சு நீண்டது. "இல்ல சார், அது அவர் பகுதி" என்றது கேட்டது. அப்புறம் ரொம்ப நேரம் அவள் பேசவில்லை. "யோசிக்கணும் சார். அவர்கிட்ட..." என்று ஆரம்பித்தாள். அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ குறுக்கே வந்தது. "சரி," என்றாள்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் என்ன இருந்ததென்று அவனால் படிக்க முடியவில்லை. கன்னம் மட்டும் லேசாகச் சிவந்திருந்தது.

"பாரா போகுதா?"

"முழுசாப் போகுது. அட்டையிலயும் வருது."

"அதைச் சொல்லவா இவ்வளவு நேரம்? வேற என்ன சொன்னார்?"

அவள் போனைப் பைக்குள் போட்டு, ஜிப்பை நிதானமாக இழுத்தாள்.

"அதை உங்ககிட்ட இப்போ சொல்ல வேண்டாம்னு சொன்னார்," என்றாள். சொல்லிவிட்டு, தங்கைக்கு உதவ உள்ளே போனாள்.

சக்கரவர்த்தி வாசலிலேயே நின்றான். வாய்விட்டு ஒப்புக்கொண்டாயிற்று, இனி அது தொலைந்தது என்றுதான் ஒரு நிமிஷத்துக்கு முன்னால் நினைத்திருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள், எல்லாரும் அவளைச் சுற்றி நின்றிருந்தார்கள். அவனுக்கு மறுபடியும் எரிந்தது.